பனியில் நிற்கும் பயிர்: 2019 கனடா அறுவடையில் நடந்தது என்ன?

ரெஜைனாவாசி எழுதியது:

வேறொரு இழையில், பனி மூடிய கோதுமை வயலில் அறுவடை இயந்திரம் சிக்கி நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வசதி இருந்தும் காலாகாலத்தில் அறுக்காமல் விட்டால் இப்படித்தான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனது கேட்கவில்லை. அப்படி நினைப்பவர்கள் இன்னும் பலர் இருக்கலாம் என்பதால் தனி இழையாகவே தொடங்குகிறேன். நான் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் தானியக் கொள்முதல் நிலையம் ஒன்றில் மாதிரி எடுத்துத் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். விவசாயி இல்லை. ஆனால் அவர்கள் லாரி லாரியாகக் கொண்டுவருவதை முதலில் கையில் அள்ளிப் பார்ப்பது நாங்கள்தான்.

2019-ஐ எடுத்துக்கொள்வோம். இங்குள்ள விவசாயிகள் அதை 'நரகத்து அறுவடை' என்றே சொல்கிறார்கள். அது பனியில் தொடங்கவில்லை, வசந்தகால வறட்சியில் தொடங்கியது. மே மாதம் விதைத்தபோது பல இடங்களில் மண்ணில் ஈரமே இல்லை. கொஞ்சம் விதை முளைத்தது, மீதி மழைக்குக் காத்து மண்ணுக்குள்ளேயே கிடந்தது. ஜூன் நடுவுக்குப் பிறகு மழை வந்ததும் அதுவும் முளைத்தது. ஆக, ஒரே வயலில் இரண்டு வயதுப் பயிர். கோடை குளிர்ச்சியாகப் போனதால் முதிர்ச்சியும் தள்ளிக்கொண்டே போனது. செப்டம்பரில் பார்த்தால் இங்கே பழுத்த கதிர், அதன் பக்கத்திலேயே பச்சைக் கதிர். பழுத்ததற்காக அறுத்தால் பச்சை மணி கலந்து தரம் போய்விடும். பச்சைக்காகக் காத்திருந்தால் பழுத்தது கெட்டுவிடும். இந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் கடைசியில் தெற்கு ஆல்பர்ட்டாவிலும், எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மொன்டானாவிலும் பெரும்பனி. மொன்டானா ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்தார். அக்டோபர் 10 முதல் 12 வரை இன்னொரு புயல் மானிட்டோபாவையும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவையும் அடித்தது. வடக்கு டகோட்டாவில் சில இடங்களில் 2 அடிக்கு மேல் பனி. வின்னிபெக்கில் இலை உதிராத மரங்கள் ஈரப்பனியின் பாரம் தாங்காமல் ஆயிரக்கணக்கில் முறிந்தன. மின்கம்பங்கள் சாய்ந்தன, 13-ஆம் தேதி மானிட்டோபா அரசு அவசரநிலை அறிவித்தது. செய்தியில் பெரிதாக வந்தது மரமும் மின்சாரமும்தான். வயலில் நின்ற சோயாவும் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் ஓரமாக ஒரு வரியில் முடிந்துபோயின.

என்னைக் கேட்டால், பனி கடைசி அடி மட்டுமே. அதற்கு முந்தைய வாரங்களின் ஈரம்தான் பயிரைச் சாய்த்தது. சோம்பல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மன்னைக்காரன் எழுதியது:

நான் மன்னார்குடிப் பக்கம், குறுவையும் சம்பாவும் செய்கிறவன். அறுப்பு நேரத்து மழை எப்படிப்பட்டது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் வரம்பு. மழை பிடித்துக்கொண்டால் அதைத் தளர்த்தச் சொல்லி டெல்லி வரை எழுத வேண்டும்.

ஒரு சந்தேகம் தம்பி. எங்களுக்கு மழை விட்டால் இரண்டு நாள் வெயில் அடிக்கும், சாலையில் கொட்டிக் கிளறிவிட்டுக் காயவைத்துவிடுவோம். உங்கள் ஊரில் டிரையர் இருக்கிறதே? ஈரமாகவே அறுத்து அதில் உலர்த்திக்கொள்ளக் கூடாதா? குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ரெஜைனாவாசி எழுதியது:

அண்ணே, சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

கோதுமைக்கு இங்கே 14.5 சதவீதம், கனோலா என்ற எண்ணெய் வித்துக்கு 10. கோதுமை 14.5-ஐத் தாண்டினால் 'டஃப்', 17-ஐயும் தாண்டினால் 'டாம்ப்' என்று சீட்டில் எழுதுவோம். விலையில் கழிப்பார்கள், கிடங்கில் இடமில்லாவிட்டால் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள். 2019 அக்டோபரில் 14.5-க்குக் கீழே ஒரு மாதிரி வந்தால் மேசையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்தோம்.

டிரையர் எல்லோரிடமும் இல்லை. இருப்பவர்களிடமும் விளைச்சலில் ஒரு பகுதிக்குப் போதுமான அளவில்தான் இருக்கும். வழக்கமான ஆண்டில் பெரும்பாலான தானியம் வயலிலேயே காய்ந்துவிடும், கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்துக்குத்தான் டிரையர். சஸ்காச்சுவானில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 1,700 ஏக்கருக்கு மேல். அத்தனையும் ஒரே மாதத்தில் ஈரமாக வந்தால் இரவு பகலாக ஓட்டினாலும் டிரையருக்குள் போவதைவிட வெளியே வரிசையில் நிற்பதுதான் அதிகமாக இருக்கும். அதுவரை ஈரத் தானியத்தை எங்கே கொட்டுவது? குதிரில் கொட்டினால் சூடேறும்.

சூடு என்றதும் கனோலாவைச் சொல்லியாக வேண்டும். கடுகு மாதிரிச் சின்ன மணி, எண்ணெய் நிறைந்தது. அறுத்த பிறகும் ஆறு வாரம் வரை அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஈரமாகக் குதிரில் போட்டால் நடுவில் ஓர் இடம் சூடாகி, கட்டிபிடித்து, கருகி, சில நேரம் தீயே பிடித்துவிடும். உள்ளே நடப்பது வெளியிலிருந்து தெரியாது. அதனால் தூக்கம் கெட்டுக் குதிருக்குக் குதிர் வெப்பநிலை பார்த்துக்கொண்டு அலைவார்கள்.

வெயில் விஷயம்: ரெஜைனாவில் நவம்பர் தொடக்கத்தில் பகல் பொழுதே 10 மணி நேரத்துக்கும் குறைவு. சூரியன் தாழ்வாக வந்து தாழ்வாகவே போய்விடும். காற்றும் குளிர்ந்துவிடுவதால் விசிறி வைத்து ஊதினாலும் ஈரத்தை அது இழுக்காது. அப்புறம் புரொப்பேனையோ இயற்கை எரிவாயுவையோ எரித்துத்தான் ஆக வேண்டும்.

எட்மன்டன் லாரி எழுதியது:

தானியமும் புரொப்பேனும் இரண்டுமே ஏற்றி ஓட்டியிருக்கிறேன். வயலுக்குள் நடப்பதைப் பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

நிலம் உறைந்துவிட்டால் இயந்திரம் தாராளமாக ஓடுமே என்று பலர் கேட்பார்கள். உறைந்தால் ஓடும், உண்மைதான். ஆனால் நிலம் உறைவதற்கு முன்பே பனி விழுந்துவிட்டால் அது மண்ணை மூடிக் காப்பாற்றிவிடும். காற்று பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை, மண் மட்டும் இன்னும் சேறு. மேலே வெள்ளையாகக் கெட்டியாகத் தெரியும், இறங்கினால் அச்சு வரை புதையும். 2019-ல் வடக்கு டகோட்டாவில் நடந்தது இதுதான். ஏற்கனவே தண்ணீர் கோத்து நின்ற நிலத்தின் மேல் அந்தப் பனி.

ஆகவே நடு இரவில் குளிர் நன்றாக இறுகும்போது இறங்கி, காலை மண் இளகுவதற்குள் வெளியே வந்துவிடுவார்கள். அப்போதும் வேறு தொல்லை. கதிரோடு பனியும் உள்ளே போகும். இயந்திரத்துக்குள் இருக்கும் சூட்டில் உருகி, சல்லடையில் மறுபடி உறைந்து அடைத்துக்கொள்ளும். தானியம் பதரோடு சேர்ந்து பின்பக்கமாகக் கொட்டிவிடும். இறங்கித் தட்டி எடுத்துவிட்டு மறுபடி ஏறணும். புதிதாக வாங்கினால் பத்து லட்சம் டாலரைத் தொடும் இயந்திரம் அது, சேற்றில் மாட்டி இழுக்கும்போது ஏதாவது முறிந்தால் அந்தப் பருவமே முடிந்தது.

ஆல்பர்ட்டாவில் இது முதல்முறையும் இல்லை. 2016 அக்டோபர் தொடக்கப் பனியில் லட்சக்கணக்கான ஏக்கர் அப்படியே நின்று அடுத்த வசந்தத்துக்குப் போனது. 2018-ல் செப்டம்பரிலேயே பனி. நல்லவேளை, அந்த ஆண்டு அக்டோபர் நடுவில் வெயில் திரும்பி வந்து பெரும்பகுதியைக் காப்பாற்றியது. நான்கு ஆண்டில் மூன்று முறை என்றால் யாருக்குத்தான் தெம்பு மிஞ்சும்?

விதைநெல் எழுதியது:

தரம் எப்படிப் போகிறது என்பதைச் சொல்கிறேன், வேளாண்மை படித்தவள் என்ற முறையில்.

பழுத்த கோதுமை தொடர்ந்து நனைந்தால் கதிரிலேயே முளைக்கத் தொடங்கும். வெளியே முளை தெரியாவிட்டாலும், மாவுச்சத்தை உடைக்கும் நொதி உள்ளே வேலை தொடங்கிவிட்டிருக்கும். அந்த மாவில் ரொட்டி சுட்டால் நடு பிசுபிசுவென்று இருக்கும். இதை அளக்க 'ஃபாலிங் நம்பர்' சோதனை. மாவையும் நீரையும் குழாயில் சூடாக்கி, அந்தக் கூழுக்குள் ஒரு கோல் கீழே இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். கூழ் கெட்டியாக இருந்தால் கோல் மெதுவாக இறங்கும். 300 விநாடிக்கு மேல் என்றால் ரொட்டி ஆலைக்குப் போகும். மிகவும் குறைந்தால் மாட்டுத் தீவனம்தான். கண்ணுக்கு அழகாக இருக்கும் கோதுமை இந்தச் சோதனையில் விழுவதைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

கனோலாவில் பிரச்சினை வேறு. முதிராத நிலையில் உறைபனி பட்டால் மணிக்குள் பச்சையம் அப்படியே தங்கிவிடும். முதல் தரத்துக்குப் பச்சை மணி 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பிழியும்போது எண்ணெய் பச்சையாகிவிடும், அதை வெளுக்கச் செலவு.

பீர் ஆலைக்கு விற்கும் மால்ட் பார்லி இன்னும் கொடுமை. அது முளைக்க வேண்டும், ஆனால் ஆலையில்தான் முளைக்க வேண்டும். வயலில் முளைத்தாலும் கெட்டது, டிரையரில் 45 பாகைக்கு மேல் சூடாகி முளைப்புத்திறன் செத்தாலும் கெட்டது.

மன்னைக்காரன் அண்ணா, நீங்கள் அரி போட்ட பிறகு மழை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கனோலாவையும் பலர் வெட்டி வரிசையாகப் படுக்கப் போட்டுக் காயவைப்பார்கள். அதன் மேல் பனி விழுந்து அழுத்தினால் அடிப்பக்கம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பனி உருகிய பிறகும் மேலே காய்ந்து கீழே ஊறிக் கிடக்கும்.

ஸ்கார்பரோ அக்கா எழுதியது:

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அன்றாடம் சமைக்கிற மைசூர்ப் பருப்பில் பெரும்பகுதி கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும்தான் போகிறது. கனடாவின் பருப்பு என்றால் அநேகமாக சஸ்காச்சுவான். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் அங்கே விளைவிக்கிறவர்களைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பருப்பும் இப்படிப் பனியில் நிற்குமா தம்பி?

ரெஜைனாவாசி எழுதியது:

பருப்பு பொதுவாகக் கோதுமைக்கு முந்தி அறுப்புக்கு வந்துவிடும் அக்கா, பனிவரை காத்திருக்காது. ஆனால் செப்டம்பர் மழை அதை விடுவதில்லை. செடி முழங்கால் உயரம்கூட இருக்காது, வெட்டும் கத்தியை மண்ணை உரசிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். நிலம் ஈரமாக இருந்தால் மண்ணும் சேர்ந்து வரும். தோல் கறைபடும், சுருங்கும், ஆலையில் தோலுரிக்கும்போது உடையும்.

விலையும் அப்போது சரியில்லை. 2017 கடைசியில் இந்தியா மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீதம், பருப்புக்கு 30 சதவீதம் இறக்குமதி வரி போட்டிருந்தது. போதாக்குறைக்கு 2019 மார்ச்சில் சீனா, கனடாவின் பெரிய கனோலா ஏற்றுமதி நிறுவனங்களான ரிச்சர்ட்சன், வைட்டெரா இரண்டின் அனுமதியையும் நிறுத்தியது. ஆக, சந்தை ஏற்கனவே சரிந்திருந்த ஆண்டில்தான் வானமும் கைவிட்டது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் வருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் இவர்களுக்குப் பயிர்க் காப்பீடு இருக்கிறது, அதன் பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசுகள் கட்டுகின்றன, அறுவடைக்கு முன்பே முன்பணக் கடனும் கிடைக்கிறது. 2019-ல் கனோலாவுக்கு வட்டியில்லாப் பகுதியை 5 லட்சம் டாலராகவே உயர்த்தினார்கள். உலகின் பெரும்பாலான விவசாயிகளுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மன்னைக்காரன் அண்ணாவைக் கேளுங்கள்.

மன்னைக்காரன் எழுதியது:

என்னை இழுத்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். எனக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக அவனுக்கு நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. பயிர் கண் முன்னால் கெடுவதைப் பார்க்கிறவன் எந்த ஊரிலும் ஒரே மாதிரித்தான் நிற்பான். காப்பீடு எப்படி வேலை செய்கிறது என்று யாராவது விளக்குங்கள், அதைக் கேட்போம்.

பீஸ் நதி எழுதியது:

நான் விளக்குகிறேன். வடமேற்கு ஆல்பர்ட்டாவில் பீஸ் ஆற்றுப் பகுதியில் பண்ணைக் கடன் தொடர்பான வேலை. 2019-ல் ஆல்பர்ட்டா முழுவதும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பயிர் குளிர்காலத்துக்குள் நின்றது, எங்கள் பகுதியில் நிலைமை இன்னும் மோசம்.

ஆல்பர்ட்டாவில் ஏ.எஃப்.எஸ்.சி., சஸ்காச்சுவானில் எஸ்.சி.ஐ.சி., மானிட்டோபாவில் எம்.ஏ.எஸ்.சி. என்று மாகாணத்துக்கு ஒரு காப்பீட்டுக் கழகம். பண்ணையின் பழைய விளைச்சல் சராசரியில் 80 சதவீதம் வரைதான் உறுதி எடுக்கலாம். அதுவும் வயல்வாரியாகப் பார்ப்பதில்லை, அந்தப் பயிரின் மொத்த விளைச்சலைத்தான் பார்ப்பார்கள். உங்கள் கனோலாவில் முக்கால் பங்கு சராசரியைவிட நன்றாக விளைந்து கால் பங்கு பனியில் போனால், மொத்தக் கணக்கு உறுதி அளவைத் தாண்டிவிடலாம், அப்போது நஷ்டஈடு ஒன்றும் வராது. அந்தக் கால் பங்கில்தான் லாபம் இருந்தது. முதல் முக்கால் விதைக்கும் உரத்துக்கும் டீசலுக்கும் குத்தகைக்கும் இயந்திரத் தவணைக்கும் போயிற்று.

அறுக்காமல் நிற்கும் பயிருக்கு முழுக் கணக்கு முடிய வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். இடையில் கொஞ்சம் முன்பணம் தருவார்கள். அதுவரை அந்தப் பயிரை நீங்களாக உழுது புதைக்க முடியாது, எரிக்க முடியாது. மதிப்பீட்டாளர் வந்து பார்த்து விடுவிக்க வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். "நவம்பரில் இவ்வளவு டன் இந்தத் தரத்தில் தருகிறேன்" என்று ஆகஸ்டிலேயே விலை பேசியிருப்பார். தர முடியவில்லை என்றால், சந்தை விலை ஏறியிருந்தால் அந்த வித்தியாசத்தை அவர்தான் கட்ட வேண்டும். விளைச்சலும் கையில் இல்லை, கையில் இருந்து பணமும் போகிறது. எங்கள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களின் முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அறுபது வயதுக்காரர், வாழ்நாளில் ஒரு தவணை தவறாதவர், நாற்காலியில் சாய்ந்துகூட உட்காராமல் இருந்தார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மொத்த விளைச்சலை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. நன்றி. ஆனால் டிரையர் எரிபொருளுக்கான கார்பன் வரியைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. அதை விவசாயிகள் பெரிதாக்கியது போலத் தோன்றுகிறது. புஷலுக்கு (இங்கே தானியம் அளக்கும் அளவு) சில சென்ட்தான் வந்தது.

எட்மன்டன் லாரி எழுதியது:

நல்ல ஆண்டில் சில சென்ட்தான். விஷயமே அதுதான் நண்பரே. 2019 ஏப்ரலில் சஸ்காச்சுவான், மானிட்டோபாவில் அந்த வரி வந்தது, ஆல்பர்ட்டாவுக்கு 2020 ஜனவரியில். டிராக்டர் டீசலுக்கு விலக்கு கொடுத்தார்கள், தானியம் உலர்த்தும் புரொப்பேனுக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் கொடுக்கவில்லை. வந்த முதல் இலையுதிர் காலமே இந்த நரகம். சாதாரண ஆண்டில் பத்து நாள் ஓடும் டிரையர் அன்று இரண்டு மாதம் ஓடியது. எந்த ஆண்டில் வருமானம் குறைந்ததோ அதே ஆண்டில் வரி கூடியது. வேறு எரிபொருளுக்கு மாறலாம் என்றால் வயலுக்கு நடுவே அப்படி ஒன்று இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிறகு விவசாயிகளுக்கு வரிக்கழிவாகத் திருப்பிக் கொடுத்தார்களே? 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தையே எடுத்தும் விட்டார்கள். பருவநிலை மாறுகிறது என்றால் அதற்கான செலவை யாராவது ஏற்கத்தானே வேண்டும்?

எட்மன்டன் லாரி எழுதியது:

திருப்பிக் கொடுத்தது பின்னாளில், அதுவும் அவரவர் எரித்த அளவுக்கு இல்லை. பொதுக் கணக்கில் பிரித்தார்கள். செலவை ஏற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நனைந்தவன் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்கிறேன்.

எரிபொருளே கிடைக்காத கதையும் உண்டு. அந்த நவம்பரில் சி.என். (கனேடியன் நேஷனல்) ரயில் ஊழியர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கியூபெக்குக்குப் புரொப்பேன் ரயிலில்தான் போகும். அங்கே மக்காச்சோளம் ஈரமாகக் காத்திருக்க, மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் முதலில் என்று பங்கீடு செய்ய வேண்டியதாயிற்று. ஊழியர்களின் கோரிக்கை களைப்பும் பாதுகாப்பும் பற்றியது. அதிலும் நியாயம் இருந்தது.

ஸ்கார்பரோ அக்கா எழுதியது:

வசந்தம் வரை நின்ற பயிர் பிறகு எதற்காவது உதவுமா?

பீஸ் நதி எழுதியது:

உதவும், ஆனால் முழுதாக இல்லை. குளிர்காலம் முழுவதும் மான்களும் எல்க்குகளும் மேயும். வெட்டிப் படுக்கப் போட்ட வரிசைக்குள் எலிகள் குடும்பம் நடத்தும், அதன் எச்சம் தானியத்தில் கலந்தால் அதற்கும் தரம் குறையும். வசந்தத்தில் வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். மிஞ்சும் கோதுமை பெரும்பாலும் தீவனத்துக்குத்தான்.

அதைவிடப் பெரிய நஷ்டம் நாள். ஏப்ரல், மே என்பது விதைக்கும் காலம். அந்த நேரத்தில் பழைய பயிரை அறுத்து, வைக்கோலை அப்புறப்படுத்தி, சக்கரத்தடம் விழுந்து குழியான நிலத்தைச் சமப்படுத்தி, பிறகு விதைக்க வேண்டும். விதைப்பு தள்ளிப்போனால் அந்த ஆண்டு அறுவடையும் தள்ளிப்போகும், மறுபடி செப்டம்பர் உறைபனிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு கெட்ட இலையுதிர் காலம் இரண்டு ஆண்டைத் தின்னும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கிழங்குப் பயிர்களுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பும் இல்லை. அமெரிக்கப் பக்கம் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் அமெரிக்கன் கிரிஸ்டல் என்ற விவசாயிகள் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. 2019-ல் அதன் உறுப்பினர்கள் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்குப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மண்ணிலேயே விட்டுவிட்டார்கள். ஒருமுறை உறைந்து இளகிய கிழங்கு குவியலில் அழுகி, நல்லதையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

இதைப் படிப்பவர்களில் யாராவது பண்ணை வேலையில் இருந்தால்: சஸ்காச்சுவானில் விவசாயிகளுக்கென்றே மன அழுத்த உதவித் தொலைபேசி இருக்கிறது. விவசாயிகளின் மனநலத்துக்காக 2018-ல் தொடங்கிய 'டூ மோர் அக்ரிகல்ச்சர்' அமைப்பும் இருக்கிறது. தயங்காமல் பேசுங்கள். பக்கத்துப் பண்ணையில் விளக்கு இரவெல்லாம் எரிந்தால் ஒருமுறை போய்க் கதவைத் தட்டுங்கள்.

மன்னைக்காரன் எழுதியது:

அப்படியானால் அடுத்த முறைக்கு என்னதான் செய்கிறார்கள்? இதே நிலத்தில்தானே மறுபடியும் விதைக்கிறார்கள்?

ரெஜைனாவாசி எழுதியது:

செய்கிறார்கள் அண்ணே. இப்போது காய் எளிதில் வெடிக்காத கனோலா ரகங்கள் பரவலாகிவிட்டன. வெட்டிப் படுக்கப் போடாமல் நின்றபடியே முதிரவிட்டு நேராக அறுக்கலாம். நிற்கும் செடி நனைந்தாலும் காற்றில் சீக்கிரம் காயும். கோதுமையைப் பலர் ஈரம் 18 சதவீதம் இருக்கும்போதே அறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள், டிரையர் செலவை முதலிலேயே கணக்கில் எழுதிக்கொண்டு. முன்பு பத்துக்கு ஒருவர் வைத்திருந்த டிரையரை இப்போது இரண்டு மூன்று பண்ணைகள் சேர்ந்தாவது வாங்குகின்றன. ஈரத் தானியத்தைக் குளிர்காலக் காற்றை ஊதி உறையவைத்து, வெயில் திரும்புவதற்குள் உலர்த்திக்கொள்வதும் உண்டு. ஆனால் மார்ச்சில் மறந்தால் போச்சு.

எல்லாவற்றையும் கனோலாவாகவே போடாமல், சீக்கிரம் முதிரும் பட்டாணியையும் பார்லியையும் கலந்து விதைத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் அறுப்புக்கு வராது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழியாகத் தெரிகிறது. ஆனால் கனோலா விலை ஏறியிருக்கும் வசந்தத்தில், கடன் இருக்கும் ஒருவரிடம் போய் இதைச் சொல்வது சுலபமில்லை.

எட்மன்டன் லாரி எழுதியது:

ஆளி விதையை விட்டுவிட்டீர்களே. தண்டு நார் மாதிரி உறுதி, பனி விழுந்தாலும் மற்றவை போலப் படுக்காது, மணியும் அவ்வளவு சீக்கிரம் கெடாது. பனி வருகிறது என்று தெரிந்ததும் கோதுமையையும் கனோலாவையும் முதலில் எடுத்துவிட்டு ஆளியைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அதை வசந்தத்தில் அறுத்து விற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஈரத் தண்டு இயந்திரத்தின் உருளையில் சுற்றிக்கொண்டால் கத்தி வைத்து அறுத்துத்தான் எடுக்கணும், அதற்கே அரைநாள் போய்விடும்.